வாகைப் பலகைக்கு ஒரு கொட்டகை

பட்டுப்புழு இலை தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் மல்பெரி இலையைக் கடித்தால் ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். என் வகுப்புத் தோழியின் வீட்டுக் கொட்டகை அது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் இரண்டு மைல் தள்ளி, வலப்பக்கம் இறங்க வேண்டும். அவள் அப்பா ராகியைக் குறைத்துக்கொண்டு மல்பெரி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. உள்ளே மூங்கில் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“எதுக்குடி இவ்ளோ சந்து வுட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“காத்து போவணுமில்ல? ஒட்டி ஒட்டி வெச்சா புழுவு வெந்துடும்” என்றாள்.

அவ்வளவுதான். எனக்குத் தட்டுகள் மறைந்து அந்த இடத்தில் பலகைகள் தெரிந்தன. கொடுத்த மோரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன். நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாளில் ஒரு யோசனை வந்தால் அதை இன்னொருவர் காதில் போட ஓடத்தான் வேண்டும். இரண்டு மைல். எட்டாம் வகுப்பின் முழுப்பரீட்சை முடிந்த லீவு, சித்திரை வெயில், ஒரு செருப்பு வார் அறுந்து கையில்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குப் பென்னாகரத்தில் மரப்பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில், எப்போதாவது ஒரு பள்ளிக்கூட பெஞ்சு. பக்கத்திலேயே எங்கள் வீடு. நான் ஓடிய காரணம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு புது வீட்டுக்கு அத்தா வாசல் கதவு செய்து கொடுத்திருந்தார். வெயில் ஏறியதும் அந்தக் கதவின் பலகைகள் சுருங்கிவிட்டன. வீட்டுக்காரர் அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பி, உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தெருவில் நாலு பேர் பார்க்க ஒரு சந்துக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். நான் அத்தாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த விரல் இந்தப் பக்கம் வந்து என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

தப்பு அத்தாவின் கைவேலையில் இல்லை. முன்பெல்லாம் வெட்டிய மரத்தை ஏரியில் ஆறு மாதம் அமுக்கி வைப்பார்கள். அப்புறம் கரை நிழலில் ஆறு மாதம் கிடக்கும். அதற்குப் பிறகுதான் அறுவை. எங்கள் ஏரி காய்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஏரி போனதோடு காத்திருக்கும் பழக்கமும் போய்விட்டது. மரம் வெட்டியவர்கள் வண்டியில் ஏற்றி நேராக மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்து, மறுநாளே பட்டறையில் இறக்கி, “பாய், அடுத்த மாசம் கிரகப்பிரவேசம்” என்பார்கள். பச்சை மரம். இழைத்தால் தூள் பறக்காது, சுருள் கையில் ஈரமாக ஒட்டும்.

அன்றைக்கு நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதை அத்தா உளியை வைத்துவிட்டுக் கேட்டார். பலகைகளை அடுக்க வேண்டும், நடுநடுவே ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும், தரையில் படக் கூடாது, மேலே கூரை, சுற்றிலும் காற்று.

“ரீப்பர் குடுக்கறது தெரியும். அதுக்குன்னு தனியா கொட்டாயா?” என்றார்.

“பட்டுப்புழுவுக்குக் கட்டறாங்க. மரத்துக்குக் கட்டினா என்னத்தா?”

அவர் சிரித்தார். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “எனக்கு அடுப்பு வெறகு நனையாம வெக்க ஒரு எடம் கேட்டு அஞ்சு வருசமாச்சு. மரத்துக்கு மாளிகை கட்றீங்களா?”

ஆனால் அந்த வாரமே தோழியின் அப்பா பட்டறைக்கு வந்தார். பட்டுக்கூடு விற்ற காசில் புது வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். கிணற்று மேட்டில் நின்ற வாகை மரத்தை வெட்டிக் கதவு ஜன்னல் செய்ய வேண்டும், தை மாதம் குடி போக வேண்டும். அத்தாவிடம் மெதுவாகத்தான் பேசினார்.

“பாய், அந்த ஆஸ்பத்திரி ரோட்டு வூட்டுக் கதவ நானும் பாத்தேன். எங்கப்பா வெச்ச மரம் இது. அப்படிப் பண்ணிடாதீங்க.”

“இந்தத் தடவ காய வெச்சுட்டுத்தாங்க கை வெப்பேன்” என்றார் அத்தா.

அவர் போன பிறகு அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: “இதுவும் போச்சுன்னா பெங்களூருதான்.” அது மிரட்டல் இல்லை. அத்தாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் ஏற்கெனவே பெங்களூரில் யாரோ ஒருவருடைய பட்டறையில் தினக்கூலிக்கு இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதவும் கெட்டால் ஊரில் ஒருவரும் அத்தாவிடம் மரம் கொடுக்க மாட்டார்கள். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்த அளவுக்கு உற்சாகமும் ஏறியது. கதவைக் காப்பாற்றப் போகிறவள் நான் அல்லவா?

வைகாசி முழுக்க கொட்டகை வேலைதான். ஆறு கல்தூண்கள். எங்கள் பக்கம் மரத்தைவிடக் கல் சல்லிசு, யாரோ மாட்டுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவற்றை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நட்டோம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைக்கல் பரப்பி, கரையான் ஏறாமல் இருக்க லாரி ஷெட்டில் வாங்கிய பழைய ஆயிலை அதைத் தாங்கிய கற்களில் பூசினோம். மேலே தென்னங்கீற்று. ஆயில் நாற்றமும் பச்சைக் கீற்று வாசனையும் சேர்ந்து அந்த லீவு முழுக்க என் பாவாடையில் இருந்தது. அம்மா அந்தப் பாவாடையைத் தனியாகத்தான் துவைப்பார்.

பட்டறைக்கு எதிரில் மளிகைக்கடை. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்தார்.

“பாய், நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. மருமகன் மாதிரி மரம் வந்து எறங்குனா எங்க தலைய சாய்க்கும்?”

“உங்க கடையில எடம் காலியா இருக்குதாமுல்ல” என்றார் அத்தா. வியாபாரம் மந்தமான கடை அது. கடைக்காரர் உள்ளே திரும்பி ஈ ஓட்ட ஆரம்பித்தார்.

வாகையை அறுத்த நாள் மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் தும்மினார்கள். வாகைத் தூள் அப்படி, மூக்கில் ஏறினால் விடாது. மில்காரர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு “இனிமே வாகைன்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லுங்க பாய், நான் ஊருக்குப் போயிடறேன்” என்றார். பதினெட்டுப் பலகைகள் தேறின. நடுவில் காப்பித்தூள் நிறம், ஓரத்தில் மோர் நிறம். அப்படிப்பட்ட மரத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தோழி வந்து ஒவ்வொரு பலகையையும் மோந்து பார்த்துவிட்டு, “எங்க கெணத்து வாசனைதான் வருது” என்றாள். பொய். ஆனால் நானும் மோந்து பார்த்து ஆமாம் என்றேன்.

அடுக்கினோம். ஒரு வரிசை பலகை, குறுக்கே ஐந்து ரீப்பர், மறுபடி பலகை. ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். எல்லாம் முடிந்து இறங்கியபோது அத்தா கையில் ஒரு பெரிய கீற்றுத் தட்டியோடு வந்தார்.

“மேக்கால பக்கம் இதக் கட்டிடலாமாம்மா?” என்று கேட்டார்.

“வேண்டாம்த்தா! காத்து பட்டாத்தானே காயும்? அதுக்குத்தானே கட்டினோம்? காத்து அதிகமா அடிச்சா சீக்கிரம் காயும். சயின்ஸ் புக்குலயே போட்டிருக்கு.”

“புக்குல போட்டிருக்குதா?”

“ஆமாத்தா.”

தட்டியும் கையுமாக மேற்கே ஒருமுறை பார்த்தார். அப்புறம் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். சாயங்காலம் அம்மா அதைக் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனி பிறந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். அறுத்ததில் மிச்சமான ஒரு வாகைத் துண்டை அடுக்கின் நடுவில் சொருகி வைத்திருந்தேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை அதை உருவிக்கொண்டுபோய் மளிகைக்கடைத் தராசில் நிறுப்பேன். எடை குறைந்தால் ஈரம் போகிறது என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன் என்று இன்றுவரை ஒரு பெருமை உண்டு.

“வெறகு விக்க வந்துட்டியா?” என்பார் கடைக்காரர். ஆனாலும் படிக்கற்களை மாற்றி மாற்றிப் பொறுமையாக நிறுத்துச் சொல்வார். இரும்புப் படிக்கல்லின் அடியில் ஈயம் உருக்கி ஊற்றிய குழி இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எடையைக் குறித்துக்கொள்வேன். ஆனி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆடி பிறந்து காற்று திரும்பியதும் எடை தடதடவென இறங்கியது. நான் குதித்தேன்.

ஆடிக்காற்று நம் பக்கத்தில் எப்படி என்று தெரியும். மேற்கே மலை தாண்டி மழையை எல்லாம் கொட்டிவிட்டு, நமக்கு வெறும் வறட்டுக் காற்றாக வரும். கொடியில் போட்ட சேலை அரைமணியில் அப்பளம். உதடு வெடிக்கும். அதே காற்று கொட்டகையின் மேற்குப் பக்கம் நுழைந்து கிழக்கால் வெளியே போயிற்று. மத்தியானங்களில் அடுக்கிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. டப். கொஞ்சம் விட்டு இன்னொரு டப். யாரோ நிதானமாகச் சொடக்கு எடுப்பது போல.

“என்னடி அது?” என்றார் அம்மா.

“மரம் காயற சத்தம்மா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தோழியையும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு. ஏழு என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அந்த ஏழும் ஏழு வெடிப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை துண்டை உருவப் போனபோது பக்கத்துப் பலகையின் முனையில் ஒரு கோடு பார்த்தேன். பென்சில் கோடு என்று நினைத்து விரலால் துடைத்தேன். அழியவில்லை. நகம் உள்ளே போனது. அடுத்த பலகை. அதற்கடுத்தது. மேற்குப் பக்கத்து முனைகள் எல்லாம் வாய் திறந்திருந்தன.

அத்தா வந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்து, ஒவ்வொரு வெடிப்பும் எங்கே முடிகிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டார். மறுநாள் பார்த்தோம். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு. அதையும் தாண்டியது. மூன்றாம் நாள் கோழிக்கூட்டிலிருந்து தட்டியைப் பிடுங்கி வந்து மேற்கில் கட்டினார், அதன்மேல் சாக்குகளை நனைத்துப் போட்டார். அதற்கப்புறம் வெடிப்பு நின்றது. அதற்குள் பதினெட்டில் பதினொன்று போய்விட்டது. சிலதில் ஒரு முழத்துக்கு வெடிப்பு.

தோழி வந்து நனைந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். “எங்க வூட்டுக் கொட்டாயில வெயில் நாள்ல ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டியிருக்கோமே, நீ பாக்கலியா?”

“பாத்தேன். அது புழுவுக்குன்னு நெனச்சேன்.”

“காத்து புழுவுக்குத் தனியா, மரத்துக்குத் தனியாவாடி அடிக்கும்?”

ஒன்றைப் பார்க்கிற அவசரத்தில் நான் அதற்குப் பக்கத்திலேயே தொங்கியதை விட்டுவிட்டேன். காற்று வேண்டும் என்பது சரி. மரத்தின் முனை நடுவைவிடச் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், நடு இன்னும் ஈரமாக உப்பிக்கொண்டு இருக்கும், அந்த இழுபறியில்தான் வெடிக்கும் என்பதெல்லாம் பல வருடம் கழித்துப் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் பெங்களூர்.

இரண்டு நாள் கழித்துத் தோழியின் அப்பா வந்தார். அத்தாதான் சொல்லி அனுப்பியிருந்தார். மறைத்து, முனைகளை வெட்டி, மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்துக் கொடுத்திருக்கலாம். செய்கிறவர்கள் உண்டு. வந்தவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார், தோழி பின்னால். எதிர்க்கடைக்காரர் படியிறங்கி நின்றுகொண்டார். தோழியின் அப்பா பலகை பலகையாகக் கை வைத்துப் பார்த்தார்.

“எங்கப்பா கெணறு வெட்டன வருசம் வெச்ச மரம் பாய்.”

“தெரியுங்க.”

“அது நெழல்லதான் நான் ஏத்தம் எறைச்சது.”

“தப்பு என்னோடதுங்க. வேற மரம் எப்படியாவது நானே வாங்கிப் போட்டுத் தரேன்.”

நான் அத்தாவுக்கு முன்னால் போய் நின்றேன். “இல்லீங்க மாமா” என்றேன். “அத்தா மேக்கால பக்கம் அடைக்கலாம்னுதான் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தாவைத்தான் பார்த்தார். “ஏம் பாய், ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க.”

“பச்சப் பலகையில அது பட்டா என்ன ஆவும்னு?”

“அதுவும் தெரியுங்க.”

“தெரிஞ்சுமா வுட்டீங்க?”

அத்தா தோளில் இருந்த துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டார். “நான் அஞ்சாவதோட நின்னவன். புள்ள படிக்குது. புக்குல போட்டிருக்குதுன்னு சொல்லிச்சு. புக்குல இருக்கறத நான் எப்படிங்க இல்லைன்றது?”

இந்த வயதில் எனக்குத் தூக்கம் வராத நேரங்களில் இந்த வாக்கியம்தான் வந்து நிற்கிறது. இருபத்தைந்து வருடம் மரத்தோடு இருந்த மனிதர். தட்டி கையிலேயே இருந்தது. நான் சொல்வது சரி என்று அவர் நம்பவில்லை என்பதும் இன்று தெரிகிறது. தனக்குத் தெரிந்ததை அறிவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டார். நம்மைப் படிக்கவைத்த பலர் இப்படித்தான் நினைத்தார்கள். நாமும் அவர்களை அப்படியே நினைக்கவிட்டோம்.

அன்றைக்கு இவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் தாங்க முடியவில்லை.

“புக்குல மரத்தப் பத்தி ஒண்ணுமே இல்லத்தா” என்றேன். “ஈரத்துணி காயறதப் பத்தி ரெண்டு வரி இருக்கு. அவ்வளவுதான்.”

“என்னது?” என்றார் தோழியின் அப்பா.

“துணிங்க மாமா. காத்து அடிச்சா துணி சீக்கிரம் காயும்னு.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பயனில்லை. “அப்பா, இவ நம்ம மரத்தப் பாவாடை மாதிரி காயப் போட்டிருக்கா!” என்று வெடித்தாள். அவள் அப்பாவுக்கு முதலில் உதடுதான் கோணிற்று. அப்புறம் வயிறு குலுங்கியது. எதிர்க்கடைக்காரர் தெருவில் நின்றே சிரித்தார். அத்தா குனிந்து நின்றார். அழுகிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அவர் தோள்களும் ஆடிக்கொண்டிருந்தன.

சிரித்து முடித்த பிறகு தோழியின் அப்பா பலகைகளை மறுபடி எண்ணினார். நல்லது ஏழு. வெடித்ததில் முனை வெட்டினால் ஜன்னலுக்கு ஆகும். கதவுகளுக்கு அதில் நீளம் தேறாது, நல்லது ஏழும் பத்தாது.

“எங்க மேட்டாங்காட்டுல ஒரு பூவரசு நிக்குது. கதவுக்கு அதப் பாருங்க” என்றார்.

அத்தா நிமிர்ந்தார். “அதையும் எங்கிட்டயே குடுக்கறீங்களா?”

“வேறொருத்தன்கிட்ட குடுத்தா அவன் மொதல்லருந்து பாழ் பண்ணுவான் பாய். நீங்க பாதி பாழ் பண்ணி முடிச்சுட்டீங்க.”

“தைக்குள்ள காயாதுங்க. பொய் சொல்ல மாட்டேன்.”

“காஞ்சப்ப காயட்டும். சாக்குப் படுதா கட்டிக்கிட்டுக் குடி போறேன்.”

“வர்ற சனம் உள்ள எட்டிப் பாத்தா உம் பேரத்தான் சொல்லுவேன்” என்றாள் தோழி என்னிடம்.

அவர்கள் போன பின் அத்தா கொட்டகையின் கல்மேல் உட்கார்ந்தார். நான் நோட்டை எடுத்து வந்து, எடை எழுதிய பக்கங்களைத் தாண்டி ஒரு புதுப் பக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பூவரச எப்படித்தா வெக்கலாம்? நீங்க சொல்லுங்க” என்றேன்.

அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொல்வதற்கு முன் என் பேனா தயாராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வெட்டன அன்னிக்கே ரெண்டு முனையிலயும் சாணியும் களிமண்ணும் பூசிடணும். முனைய மொதல்ல காய விடக் கூடாது. அறுத்த பின்னாடி பலகை முனைக்கும் அதே. மேல பாரக்கல்லு ஏத்தணும், முறுக்காது. மேக்கால ஐப்பசி மழை வர்றவரைக்கும் ஈரச் சாக்கு. அப்புறம் தெறந்துக்கலாம். இது எல்லாமே நான் நெனைக்கறது. பண்ணிப் பாத்ததில்ல.”

எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “ரெண்டு பலகைக்கு மட்டும் பூசாம வுட்டுப் பாக்கலாமாத்தா? பூச்சுனாலதான் வெடிப்பு நிக்குதா, சாக்குனாலயான்னு தெரியுமில்ல?”

அத்தா என்னை முறைத்தார். பிறகு அடுக்கைப் பார்த்தார். மனசுக்குள் பலகை எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“ரெண்டு வேண்டாம், ஒண்ணு” என்றார். “ஓரத்துப் பலகை. ஒடஞ்சாலும் முக்காலிக்கு ஆவும். காலைல ஏழு மணிக்கு மரம் பாக்கப் போறோம், சாணிக்கு ரெண்டு வாளி எடுத்து வெய்யி.”